மார்பு 44, கீழ் இடுப்பு 50: ஜாக்கெட், குர்தி, சேலை எதைப் பார்த்து வாங்குவது, தையல்காரரிடம் என்ன சொல்வது?

கேள்வி இதுதான்: "வயது 34. மார்பு 44, இடுப்பு 40, கீழ் இடுப்பு 50. ரெடிமேட் குர்தி மார்புக்குச் சரியாக இருந்தால் தோளில் வழிகிறது. தோளுக்குச் சரியென்றால் பக்கவாட்டில் பிடிக்கிறது. ஜாக்கெட் எங்கே தைத்தாலும் கை இறுக்கம், நடுக் கொக்கி இளிக்கிறது. இரண்டு மாதத்தில் தங்கை கல்யாணம். கொஞ்சம் ஒல்லியாகத் தெரிய என்ன போடலாம்?"

கடைசி வரியை முதலில் முடித்துவிடுகிறேன். 44-ஐ 36 ஆகக் காட்டுகிற துணியோ வெட்டோ கிடையாது. மதுரையில் தையல் கடை வைத்திருக்கிற எனக்கு அப்படி ஒன்று தெரிந்திருந்தால் இந்நேரம் விளக்குத்தூண் பக்கம் சொந்தமாக மூன்று மாடி கட்டியிருப்பேன். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். "இந்த டிரஸ்ல குண்டாத் தெரியறேன்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை நிறுத்திப் பார்த்தால், கண்ணில் படுவது உடம்பு இல்லை. அக்குளிலிருந்து மார்புக்கு ஓடுகிற சுருக்கம், நழுவுகிற தோள், மேலே ஏறிக்கொண்ட இடுப்புப் பட்டி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைக் கீழே இழுத்துவிடும் கை, இவைதான் தெரியும். இதே 44 இன்ச் உடம்பில் துணி அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் பார்க்கிறவர் கண் நேராக முகத்துக்குப் போய்விடும். அதனால் "எது ஒல்லியாகக் காட்டும்" என்பதை விட்டுவிட்டு "எது எனக்கு உட்காரும்" என்று தேடுங்கள். அதற்கு விடை உண்டு.

ரெடிமேட் ஏன் உங்களுக்குச் சரிவரவில்லை என்பதற்குக் காரணம் உங்கள் உடம்பில் இல்லை. பெரும்பாலான கம்பெனிகள் மீடியம் அளவுக்கு ஒரு பேட்டர்ன், அதாவது வெட்டு மாதிரி, போட்டு, அதை எல்லாப் பக்கமும் சம அளவில் பெருக்கிக்கொண்டே போய் டபுள் எக்ஸெல், திரிபிள் எக்ஸெல் ஆக்குகின்றன. மனித உடம்பு அப்படிப் பெருப்பதில்லை. மார்பு 36-லிருந்து 44 ஆனால், தோள் எலும்பு அதற்கு ஈடாக அகலமாவதில்லை. கழுத்தும் அப்படியே. மாறாக மேல் கையும் முன்பக்கமும் கூடுகின்றன. பெருக்கிய பேட்டர்னில் தோளும் கழுத்தும் அளவுக்கு மீறி அகலமாகி, கை மட்டும் போதாமல் நிற்கிறது. போதாக்குறைக்கு ஒரு கம்பெனியின் எக்ஸெல் இன்னொன்றின் டபுள் எக்ஸெல். இந்திய உடம்புக்கென்று பொதுவான அளவுப் பட்டியல் வேண்டும் என்றுதான் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் நிதியில் நிஃப்ட் என்ற தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம் 'இந்தியா சைஸ்' என்ற திட்டத்தை எடுத்தது. நாடு முழுக்க 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் நிறுத்தி அளவெடுக்கும் வேலை அது. நமக்கு இப்போதைக்கு டேப்பும் பொறுமையும்தான் கதி. லேபிளில் இருக்கும் எக்ஸுகளை எண்ணுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

அளவெடுக்கும்போது நீங்கள் சொன்ன மூன்று எண்ணோடு இன்னும் மூன்று வேண்டும். ஒன்று, மேல் மார்பு: டேப்பை அக்குளுக்குள் ஏற்றி, மார்பின் மேட்டுக்கு மேலே சுற்றிப் பிடித்தால் வருவது. இரண்டு, மேல் கையின் பருத்த இடம். மூன்றாவதை யாரும் எடுப்பதில்லை, உங்களுக்கோ அதுதான் முக்கியம். 44-ல் முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று தனித்தனியாக அளக்க வேண்டும். அக்குளுக்கு நேர்கீழே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு முன்புறம் 24, பின்புறம் 20 என்று வரலாம். பெரும்பாலான தையல்காரர் 44-ஐ நாலாக மடித்து, முன் 22 பின் 22 என்று வெட்டிவிடுவார். அப்புறம் முன்னால் இரண்டு இன்ச் பற்றாது, பின்னால் இரண்டு இன்ச் தொங்கும். சுற்றளவு சரியாகத்தானே இருக்கிறது என்று அவரும் சாதிப்பார், டேப்பும் அவர் பக்கம்தான் பேசும். சிலருக்கு இது நேர்மாறாக இருக்கும், முதுகு அகலம், முன்புறம் குறைவு. ஒரே 44 போடும் இரண்டு பேருக்கு ஒரே ஜாக்கெட் சேராமல் போவது இதனால்தான்.

அளவெடுப்பதற்கு முன்னால் இன்னொரு விஷயம், கொஞ்சம் கூச்சமானது. ஜாக்கெட் சரியில்லை என்று வருகிற புகாரில் பாதிக்கு உண்மையான காரணம் பிரா. உடம்பு பெருக்கப் பெருக்க 36, 38, 40 என்று பட்டையின் எண்ணை மட்டும் ஏற்றிக்கொண்டே போய், கப்பை பி-யிலேயே விட்டுவிடுகிறோம். மார்புக்குக் கீழே சுற்றளவு என்ன, மார்பின் மேட்டில் சுற்றளவு என்ன என்று பார்த்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் கப்பு முடிவாகிறது. வித்தியாசம் கூடக்கூட ஏ, பி, சி, டி என்று ஏறும். 42பி, 40சி, 38டி மூன்றுக்கும் கப்பின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றுதான், பட்டை மட்டும்தான் வேறு. 42பி போட்டுக்கொண்டு பின்பட்டை முதுகில் ஏறுகிறதென்றால் 38டி, 40சி இரண்டையும் போட்டுப் பாருங்கள். தாங்குகிற வேலை பின்பட்டையுடையது, தோள்பட்டையுடையது அல்ல. தோளில் பள்ளம் விழுகிறதென்றால் பின்பட்டை தளர்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். பட்டை சரியானதும் மார்பு ஒரு இன்ச்சுக்கு மேல்கூட ஏறி உட்காரும், இடுப்பு தெரிய ஆரம்பிக்கும், டாட் பாயிண்ட், அதாவது துணியை மடித்துப் பிடிக்கும் தையலின் முனை, மாறும். அதனால் கல்யாணத்தன்று போடப்போகிற பிராவைப் போட்டுக்கொண்டே அளவு கொடுங்கள். இதை வாங்காமல் ஜாக்கெட்டுக்கு எவ்வளவு செலவழித்தாலும் வீண்.

இப்போது ஜாக்கெட். இங்கே கொஞ்சம் நின்று பேசவேண்டும். ஏனென்றால் நம் ஊரில் உடம்பை ஒட்டி, இழுவையில்லாத துணியில், அளவெடுத்துத் தைக்கிற உடை இது ஒன்றுதான்.

முதலில் அளவு ஜாக்கெட் கொடுக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். பழைய ஜாக்கெட்டை மேசையில் விரித்து அளந்தால் அதிலிருக்கிற கோளாறும் அளவோடு சேர்ந்து புதுத் துணிக்கு வரும். "இது எங்கே சரியில்லை" என்று காட்டுவதற்கு மட்டும் அதை எடுத்துப் போங்கள். போட்டுக் காட்ட முடிந்தால் இன்னும் நல்லது.

கொக்கி இளிப்பதற்குப் பெரும்பாலும் சுற்றளவு காரணமாக இருக்காது. டாட்டில் பிடித்த துணி போதாததுதான் காரணம். சாதாரண ஜாக்கெட்டின் முன்பக்கத்தில் நாலு டாட் வரும்: கீழிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, கை வளைவிலிருந்து ஒன்று, கொக்கிப் பட்டியிலிருந்து ஒன்று. இந்த நாலும் சேர்ந்துதான் தட்டையான துணியில் குழியை உண்டாக்குகின்றன. 36-க்குப் பிடிக்கும் அதே டாட்டைப் பிடித்துவிட்டு, பக்கத் தையலில் மட்டும் துணியைக் கூட்டினால் 44 சுற்றளவு கிடைக்கும், குழி கிடைக்காது. மார்பு அந்தத் துணியை மேலே தூக்கும். இடுப்புப் பட்டி மார்புக்குக் கீழே படியாமல் மார்பின் மேலேயே ஏறி நிற்கும். நடுக் கொக்கி விரியும். தையல்காரர் பக்கத்தைப் பிரித்து விடுவார், அப்படியும் இளிக்கும். அதனால் "லூசா விடுங்க" என்று சொல்லாதீர்கள். "டாட்டை நல்லா ஆழமாப் பிடிங்க, முன்பக்க நீளத்தைக் கூட்டுங்க" என்று சொல்லுங்கள். டாட்டின் முனை மார்பின் உச்சிக்கு ஒரு இன்ச் முன்பாகவே முடிந்துவிட வேண்டும். உச்சிவரை ஓட்டினால் கூம்பு மாதிரி நிற்கும். தோளிலிருந்து உச்சி வரை எத்தனை இன்ச் என்பதை உங்கள் உடம்பில் அளக்கச் சொல்லுங்கள். மற்ற அளவெல்லாம் சரியாக இருந்து இது ஒன்று தப்பினாலும் ஜாக்கெட் கெட்டது.

உங்கள் அளவுக்கு எந்த வெட்டு என்று கேட்டால், என் வாக்கு பிரின்சஸ் கட்டுக்குத்தான். தோளிலிருந்தோ கை வளைவிலிருந்தோ கீழ்வரை ஓடும் ஒரே தையலில் குழி பரவலாக வரும், எங்கே வேண்டுமானாலும் பிடிக்கலாம், விடலாம். கப்பைத் தனித் துண்டாக வெட்டி இணைக்கும் கட்டோரி நன்றாகத் தாங்கும், ஆனால் கப்பின் சுற்றுக்கோடு மார்பில் தெரியும். கனமான பட்டுத் துணியில் அது எடுப்பாக இருக்கும், மெல்லிய துணியில் எனக்குப் பிடிப்பதில்லை. தினசரிக்கு ரூபியா துணியில் கிராஸ் கட் போதும். துணியைக் குறுக்கு மறுக்காக வெட்டுவதால் கொஞ்சம் இழுபடும், உடம்போடு போகும். ஆனால் துணி கூடுதலாகப் பிடிக்கும். சேலையோடு வருகிற 80 சென்டிமீட்டரில் உங்களுக்கு முழங்கை வரை கை வைத்துத் தைப்பது நடக்காத காரியம். தனித் துணி எடுத்தால் ஒரு மீட்டருக்குக் குறையாமல் எடுங்கள்.

கை இறுக்கத்துக்கு வருகிறேன். கை இறுக்கம் என்று சொன்னால் தையல்காரர் உடனே கை சேருகிற வளைவை, அதாவது ஆம்ஹோலை, கீழே வெட்டிப் பெரிதாக்குவார். இது பலருக்கும் தலைகீழாகத் தோன்றும்: ஆம்ஹோல் கீழே இறங்க இறங்கக் கையைத் தூக்குவது கஷ்டம். அக்குளுக்கு வெகுகீழே கை சேர்ந்திருந்தால், கையைத் தூக்கும்போது மொத்த ஜாக்கெட்டும் சேர்ந்து மேலே வரும். அக்குளை ஒட்டி உயரத்தில் வளைவு இருந்தால் கை மட்டும் தொங்கும் ஊஞ்சல்போல் தனியாக ஆடும், உடம்புப் பகுதி அசையாது. வேண்டியது கைத் துணியின் அகலம். உங்கள் மேல் கை 16 இன்ச் என்றால் தைத்து முடித்த கை 17-ஆவது இருக்க வேண்டும். கையின் மேல்வளைவைச் செங்குத்தாக உயர்த்தாமல் கொஞ்சம் படுக்கவைத்து வெட்டினால் அந்த அகலம் கிடைக்கும். ஏற்கெனவே தைத்துவிட்ட ஜாக்கெட் என்றால் அக்குளில் வைர வடிவில் ஒரு துண்டுத் துணி வைத்துத் தைக்கலாம். ஒன்றரை இன்ச் சுலபமாகக் கூடும், கையைக் கீழே விட்டால் வெளியே தெரியவும் தெரியாது.

கழுத்து விஷயத்தில் ஒரே ஒரு விதி. முன் கழுத்தும் பின் கழுத்தும் இரண்டுமே அகலமாக இருக்கக் கூடாது. தோளைப் பிடித்து நிறுத்த ஏதாவது ஒரு பக்கம் துணி வேண்டுமே. பின்னால் ஆழமாக வேண்டுமென்றால் முன்னால் ஒடுக்கமாக வைத்து, பின்னால் ஒரு நாடா வைத்துக் கட்டுங்கள். தோளில் இரண்டு இன்ச் துணியாவது நிற்கட்டும், பிரா பட்டை அதற்குள் அடங்கும். முன் கழுத்து எப்போதும் தொங்கி நிற்கிறதென்றால், தையல்காரர் 44-ஐ வைத்துக் கழுத்தையும் தோளையும் போட்டிருக்கிறார் என்று பொருள். உங்கள் மேல் மார்பு 40-தான் என்றால் தோள், கழுத்து, ஆம்ஹோல் எல்லாம் 40-க்குப் போட்டு, மார்புக்கு மட்டும் டாட்டில் இடம் கொடுக்கவேண்டும். மேல் மார்பு அளவைக் கேட்டேனே, அது இதற்குத்தான்.

பக்கத் தையலில் உள்ளே துணி விடச் சொல்லுங்கள். கால் இன்ச் இடைவெளியில் மூன்று தையல் போடச் சொல்லுங்கள். ஒரு தையலை இரண்டு பக்கமும் பிரித்தால் சுற்றளவில் ஒரு இன்ச் கிடைக்கும். மாதவிடாய்க்கு முன் உடம்பு ஊதும், தைராய்டு மாத்திரை மாறினால் ஊதும், குழந்தை பிறந்தால் கேட்கவே வேண்டாம். அதற்காக ஒவ்வொரு தடவையும் புது ஜாக்கெட்டா தைப்பது? லைனிங் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள். நனைக்காத காட்டன் லைனிங் முதல் சலவையில் சுருங்கி மேல்துணியையும் சேர்த்து இழுக்கும். அப்புறம் உடம்பு வைத்துவிட்டது என்று பழி உங்கள் மேல் விழும்.

குர்திக்கு வருவோம். கடையில் அதை மேசையில் விரித்து அக்குளுக்கு அக்குள் அளங்கள், இரண்டால் பெருக்குங்கள். மார்பு 44-க்கு இழுவையில்லாத காட்டன், ரேயான் என்றால் 46-லிருந்து 47 வரவேண்டும். அதற்கு மேல் போனால் கூடாரம். ரெடிமேடில் உள்ளே விடும் துணி அரை இன்ச்கூட இருக்காது, அதனால் இறுக்கமானதைப் பெரிதாக்க முடியாது, பெரியதைத்தான் சிறிதாக்கலாம். மார்புக்கும் கீழ் இடுப்புக்கும் சரியாக இருப்பதை வாங்கி, தோளைப் பிடித்துக்கொள்வதுதான் உங்களுக்கு வழி. கையைப் பிரித்து, தோளை உள்ளே தள்ளி, மறுபடி கை வைத்துக் கொடுக்கும் வேலை எந்தத் தையல்காரருக்கும் தெரியும். குர்தியின் விலையோடு அந்தக் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வாங்குங்கள்.

ஸ்லிட், அதாவது பக்கவாட்டுத் திறப்பு, எங்கே தொடங்குகிறது என்பதைப் பார்க்காமல் யாரும் குர்தி வாங்கக் கூடாது. இடுப்பு 40, கீழ் இடுப்பு 50 இருக்கிற உங்களுக்கு நேர்வெட்டுக் குர்தி கீழ் இடுப்பில் சிக்கி, ஸ்லிட் இரண்டு பக்கமும் விரிந்து நிற்கும், முன்துணி மடியில் சுருண்டு ஏறும். கீழே போகப்போக விரியும் ஏ-லைன், அல்லது மார்புக்குக் கீழிருந்து பேனல் வைத்து விரிகிற வெட்டு உங்களுக்குப் பொருந்தும். முழு அம்பர்லா வேண்டாம் என்பேன். அவ்வளவு துணியும் இடுப்பிலிருந்து கிளம்பி அங்கேயே குவியும். போட்டுப் பார்க்கும் அறையில் நின்று மட்டும் பார்க்காதீர்கள், உட்காருங்கள். உட்காரும்போது கீழ் இடுப்பு ஒன்றிரண்டு இன்ச் கூடும். பேருந்து கம்பியைப் பிடிப்பதுபோல் கையைத் தூக்குங்கள், குனிந்து செருப்பை எடுங்கள். இந்த மூன்றிலும் இழுத்துவிடத் தேவைப்படாத குர்திதான் உங்கள் குர்தி. கீழே லெகிங்ஸ்தான் என்று விதி எதுவும் இல்லை. கணுக்கால் வரை நேராக இறங்கும் காட்டன் பேண்ட் தொடையைப் பிடிக்காது, காற்றும் வரும். லெகிங்ஸ்தான் வசதி என்றால் குர்தி முட்டிவரை இருக்கட்டும்.

தொடை உரசிப் புண்ணாவதைப் பற்றி யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. சித்திரை வெயிலில் சேலை, பாவாடையோடு கல்யாண மண்டபத்தில் நாள் முழுக்க நடந்தால் மாலைக்குள் எரியும். உள்ளே முட்டிக்கு மேல் நிற்கும் மெல்லிய காட்டன் ஷார்ட்ஸ் ஒன்று போதும். எந்தச் சேலை கட்டினாலும் இது முதலில்.

சேலையில் கொசுவம் வரவில்லை என்கிற கவலைக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஐந்தரை மீட்டர் சேலை சுமாராக 216 இன்ச். கீழ் இடுப்பு 36 இருப்பவருக்கு இரண்டு சுற்றுக்கு 72 போகும், மார்பைத் தாண்டித் தோளில் ஏறி முந்தானை முட்டிவரை தொங்க 75-லிருந்து 80 என்று வையுங்கள். மீதி 65 இன்ச் அளவில், மடிப்புக்குப் பத்து இன்ச் வீதம் ஆறு கொசுவம். உங்களுக்கு இரண்டு சுற்றுக்கே 100 போய்விடும். மீதியில் மூன்று கொசுவம் வந்தாலே பெரிது. அதனால்தான் நடக்கும்போது முன்பக்கம் பிரிகிறது. வழி என்னவென்றால், சேலையோடு வரும் ஜாக்கெட் துணி உள்முனையில் இருந்தால் அதை வெட்டாதீர்கள். அந்த 80 சென்டிமீட்டர் உங்களுக்கு இன்னும் மூன்று கொசுவம். எப்படியும் அந்தத் துணியில் உங்கள் ஜாக்கெட் வராது, வேறு நிறத்தில் தனியாக எடுங்கள். முந்தானையை முட்டிவரை விடாமல் இடுப்புக்குச் சற்றுக் கீழே நிறுத்தினாலும் ஒரு கொசுவம் மிச்சம்.

துணியைப் பொறுத்தவரை "குண்டா இருந்தா ஜார்ஜெட், ஷிஃபான் மட்டும் கட்டு" என்ற அறிவுரையோடு எனக்கு ஒத்துப்போகாது. அவை வழுவழுவென்று இறங்கும், உண்மைதான். ஆனால் உடம்பின் ஒவ்வொரு மடிப்பிலும் ஒட்டிக்கொண்டு இறங்கும். இன்னொரு கோடியில் ஆர்கன்சாவும் கஞ்சி போட்ட காட்டனும் உடம்பைவிட்டு விலகி விறைத்து நிற்கும், இல்லாத இன்ச்சைக் கூட்டும். நடுத்தரமாக, கொஞ்சம் கனமும் கொஞ்சம் மென்மையும் உள்ளவைதான் நல்லது. கஞ்சி போடாத சுங்குடி, பழகிப்போன லினன், மென்பட்டு. காஞ்சிபுரம் பட்டு கனமானது என்று பயப்படாதீர்கள். அது ஒரு முறை மடித்த இடத்தில் நிற்கும், அந்த நிற்கும் குணம் உங்களுக்குச் சாதகம்தான். கொசுவத்தை முந்தின நாளே மடித்து இஸ்திரி போட்டுவிட்டால் வேலை முடிந்தது. பார்டரை உங்கள் எடையை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், உங்கள் உயரத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள். ஐந்தடிக்குக் கீழே இருப்பவர் பத்து இன்ச் பார்டர் கட்டினால், உடல்வாகு எப்படியிருந்தாலும் பாதி உருவம் பார்டருக்குள் போய்விடும்.

பாவாடை நாடாவை இறுக்கி ஒரே இடத்தில் வருடக்கணக்காகக் கட்டி இடுப்பில் கருப்புத் தடம் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். தடம் புண்ணாகி, புண் ஆறாமல் கிடந்து, அரிதாகப் புற்றுநோய் வரை போனதாக மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மெல்லிய நாடாவுக்குப் பதில் மூன்று விரல் அகலத்துக்குப் பட்டி வைத்துத் தைத்த பாவாடையைக் கட்டுங்கள், கட்டும் இடத்தையும் அவ்வப்போது மாற்றுங்கள். இழுவைத் துணியில் வரும் சாரி ஷேப்வேர் போட்டால் கீழே சேலை நன்றாகத்தான் படிகிறது. ஆனால் அளவு குறைத்து வாங்கினால் மேலே ஒரு டயர் பிதுங்கும், பந்தியில் உட்கார்ந்தால் மூச்சு முட்டும். உங்கள் அளவிலேயே வாங்குங்கள்.

நிறம், கோடு பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள். குறுக்குக் கோடு குண்டாகக் காட்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த 'உண்மை'. 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதற்கு நேரெதிராகச் சொல்லியிருக்கிறார்: ஒரே அளவுள்ள இரண்டு சதுரத்தில், குறுக்குக் கோடு போட்ட சதுரம்தான் உயரமாகவும் ஒடுக்கமாகவும் தெரியும் என்று. 2011-இல் பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடையணிந்த பெண் உருவங்களை வைத்துச் சோதித்து, குறுக்குக் கோடு அகலமாகக் காட்டவில்லை என்று எழுதினார்கள். ஆகவே கட்டம் போட்ட கண்டாங்கியைக் கட்ட ஆசையிருந்தால் தாராளமாகக் கட்டுங்கள். நான் பார்த்தவரை கோட்டைவிட மினுமினுப்புதான் கவனிக்க வேண்டியது. சாட்டின் மாதிரி பளபளக்கும் துணி ஒவ்வொரு மேட்டிலும் வெளிச்சத்தை வாங்கி எடுத்துக் காட்டும். கருப்பு, நேவி ப்ளூ தவிர வேறு நிறமே இல்லாத அலமாரியைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும். மாம்பழ மஞ்சள் உங்கள் நிறத்துக்கு எடுப்பாக இருந்தால் அதைக் கட்டாமல் விடுவதற்கு இன்ச் ஒரு காரணமா?

தைரியத்தைப் பற்றியும் கேட்டதாகத்தான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் "ஒல்லியாகத் தெரிய" என்பதற்குள் அது இருக்கிறது. கடைக்குப் போகும்போது உங்கள் உடம்பைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாத ஒருவரை அழைத்துப் போங்கள், அல்லது தனியாகப் போங்கள். விற்கும் பெண்ணிடம் "எனக்கெல்லாம் இருக்குமா?" என்று ஆரம்பிக்காதீர்கள். "மார்பு 46 வர்ற குர்தி காட்டுங்க" என்று எண்ணைச் சொல்லுங்கள். "உங்க சைஸ் வராதுக்கா" என்றால் அந்தக் கடையில் சரக்கு இல்லை, அவ்வளவுதான். அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். ஐந்து கிலோ குறைத்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று எதையும் வாங்காதீர்கள். அது அலமாரியில் தொங்கி, கதவைத் திறக்கும்போதெல்லாம் உங்களைக் குத்திக் காட்டும். குறைந்த பிறகு பிடித்துக்கொள்ளலாம், தையல் கடை எங்கேயும் ஓடிவிடாது. மண்டபத்தில் "என்னம்மா, உடம்பு வச்சிட்ட போல?" என்று கேட்கும் பெரியம்மாவுக்கு "ஆமா பெரியம்மா, சாப்பிட்டீங்களா, பந்தி ஆரம்பிச்சாச்சு" என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள். விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் முகூர்த்தமே முடிந்துவிடும்.

இனி உங்கள் இரண்டு மாதம். இப்போதே பிராவை வாங்கிவிடுங்கள். இந்த வாரமே விலை குறைந்த ரூபியா துணியில் ஒரு ஜாக்கெட் தைக்கக் கொடுங்கள், நான் மேலே சொன்ன வெட்டில். "காஜா எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை போட்டுப் பார்க்கணும்" என்று துணி கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், தைத்து முடித்த பிறகு சொன்னால் முகம் சுளிப்பார்கள். அதைப் போட்டு ஒரு நாள் முழுக்க வேலைக்குப் போய் வாருங்கள், எங்கே பிடிக்கிறது என்று சாக்பீஸால் குறித்துத் திருப்பிக் கொடுங்கள். அது சரியாக வந்த பிறகுதான் பட்டுத் துணியில் கத்திரி படவேண்டும். ஆரி வேலை வைக்கிற எண்ணம் இருந்தால் இது கட்டாயம். துணியைச் சட்டத்தில் பூட்டி, அளவைக் கோடு போட்டு, அதற்குள்தான் மணியும் ஜரிகையும் கோக்கிறார்கள். வேலை முடிந்த துணி இழுபடாது, பிரித்து விட்டாலும் வேலையில்லாத வெற்றுத் துணி பல்லைக் காட்டும். கை நிறைய ஆரி வேலை என்றால் கை அளவில் இன்னும் அரை இன்ச் கூடுதலாகவே வையுங்கள், உள்ளே லைனிங்கும் முடிச்சுகளும் இடம் பிடிக்கும். வேலைக்குக் கொடுப்பதற்குக் கல்யாணச் சீசனில் ஒரு மாதமாவது கையில் வேண்டும், கடைசிப் பத்து நாள் போட்டுப் பார்த்துத் திருத்த. ஜாக்கெட்டை வாங்கும்போது வெட்டி மிச்சமான துணியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் குப்பைக்குப் போய்விடும், ஆனால் நாளைக்கு அக்குளில் ஒரு துண்டு வைக்கவேண்டி வந்தால் அதே சாயத்தில் வேறெங்கும் கிடைக்காது.